மாடியில் கசந்தது, வேலியோரம் கசக்கவில்லை: வேலந்தாவளத்து வீடொன்றின் வெள்ளரி, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 5, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை போன் செய்தார். குரலிலேயே கோபம் தெரிந்தது.

"கண்ணு, மாடியில இருக்கிற வெள்ளரிக் கொடியெல்லாம் பிடுங்கிப் போடப் போறேன். ஒரு காய் வாயில வெக்க முடியல. வேப்பங்காய் தோத்துப் போகும். எல்லாம் பக்கத்து வீட்டுச் சேச்சி கணிவெள்ளரி போட்டதால வந்த வினை."

"பிடுங்காதீங்க அத்தை. நாளைக்குக் காலையில வர்றேன்."

கொடி போனால் இன்னொரு கொடி போட்டுக்கொள்ளலாம். எனக்குக் கவலை தந்தது சேச்சியைப் பற்றிச் சொன்ன பேச்சுதான். அவர் போட்ட கொடியின் மகரந்தம் கலந்துதான் நம் காய் கசந்தது என்பது அத்தையின் எண்ணம். இரண்டு வீட்டுக்கும் இருபது வருஷப் பழக்கம். ஒவ்வொரு சித்திரை முதல் நாளுக்கு முன்பும் சேச்சி வீட்டிலிருந்து பொன்னிறமாகப் பழுத்த ஒரு வெள்ளரி வேலி தாண்டி வரும். அதுதான் கணிவெள்ளரி. அவர்களுக்கு அது விஷுக் கணி, எங்களுக்குச் சித்திரைக் கனி. கணி என்று மலையாளத்தில் சொல்வது விடிந்ததும் முதலில் காணும் காட்சியை. எங்கள் கனி பழம். சொல் வேறு, பொருள் வேறு, ஆனால் தட்டில் உட்கார்வது அதே காய். அந்த வருஷம் விஷுவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அதற்குள் ஒரு வெள்ளரியால் இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு வந்துவிடக்கூடாது என்றுதான் மறுநாள் காலை நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன். அடுத்த ஆறு வாரம் அந்த நோட்டில் எழுதியதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இடமும் செடியும்

வேலந்தாவளம் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். ஊரைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டுக்குள் தமிழ், அலுவலகப் பலகையில் மலையாளம், சந்தையில் இரண்டும். கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இந்தப் பக்கம் வராது. தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டு நகரத்தை நனைத்துவிட்டு கொழிஞ்சாம்பாறை பக்கம் வருவதற்குள் இளைத்துவிடும். ஆனால் கணவாய்க் காற்றுக்கு மட்டும் குறைவில்லை. மலைத்தொடரில் இருக்கிற அந்தப் பெரிய இடைவெளி வழியாக, ஒரு பருவத்தில் கிழக்கிலிருந்தும் மறு பருவத்தில் மேற்கிலிருந்தும் அடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீருக்கு போர்வெல்தான். அதுவும் பல இடங்களில் சப்பைத் தண்ணி.

அத்தை வீட்டு மொட்டை மாடியில் எட்டுப் பைகள். ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம், முக்கால் அடி உயரம். செம்மண், தேங்காய் நார்த்தூள், மக்கிய சாணம் மூன்றையும் கலந்து நிரப்பியிருந்தார்கள். கைப்பிடிச் சுவரிலிருந்து கம்பிக்குக் கயிறு கட்டி, கொடியை மேலே ஏற்றியிருந்தார்கள். ஏழு பையில் கடையில் வாங்கிய சாலட் வெள்ளரி விதை. எட்டாவது பையில், போன வருஷம் வீட்டில் காய்த்த காயை முற்றவிட்டு அத்தை எடுத்து வைத்த விதை. பாக்கெட்டில் மிஞ்சிய இரண்டு விதையைக் கீழே வேலியோரம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே ஊன்றியிருந்தார்கள். அந்த இரண்டு செடியும் எவர் கவனிப்பும் இல்லாமல் வளர்ந்துகொண்டிருந்தன. இந்தக் கதையில் முக்கியமான சாட்சி அவைதான்.

விதைத்தது பிப்ரவரி 14. நாலாம் நாள் முளைத்தது. மார்ச் நடுவில் பூ. முதலில் வந்த பூவெல்லாம் உதிர்கிறதே என்று அத்தை பயந்திருக்கிறார். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. வெள்ளரியில் ஆண் பூக்கள்தான் முதலில் வரும், ஒரு வாரம் கழித்துத்தான் அடியில் குட்டிப் பிஞ்சோடு பெண் பூ வரும். மார்ச் 31-ல் முதல் பறிப்பு. காய் பார்க்க நன்றாகவே இருந்ததாம். நறுக்கி, உப்பும் மிளகாய்த் தூளும் தூவி, மாமா முதல் துண்டை வாயில் போட்டுத் துப்பியிருக்கிறார்.

எந்த வெள்ளரி?

இந்த எல்லையில் வெள்ளரி என்ற சொல்லே சிக்கல். சேச்சி வெள்ளரி என்றால் அது சமைக்கிற காய். புளிசேரிக்கும் பச்சடிக்கும் போகிற, பழுத்தால் மஞ்சளாகிற, தடித்த தோல் காய். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் முடிக்கோடு, சௌபாக்யா, அருணிமா எல்லாம் இந்த இனம்தான். நாம் பச்சையாகக் கடிக்கிற காயை அவர்கள் சாலட் வெள்ளரி என்பார்கள், மலபார் பக்கம் கக்கிரி. ஆந்திர எல்லைக்குப் போனாலும் இதே கதைதான். சித்தூர் என்ற பெயரிலேயே அங்கேயும் ஒரு ஊர் இருக்கிறது. அங்கே தோசகாய என்றால் பப்பு என்கிற பருப்பில் போடும் மஞ்சள் காய், பச்சையாகத் தின்பது கீர தோசகாய.

பெயர் நெருக்கமாக இருந்தாலும் செடி நெருக்கமில்லை. நாம் கடித்துத் தின்னும் வெள்ளரி ஒரு இனம். கணிவெள்ளரி முலாம்பழத்தின் கூடப்பிறப்பு. நம் ஊர் ரோட்டோரத்தில் வெடித்துப் பிளந்து மாவாக இருக்குமே வெள்ளரிப்பழம், அதுவும் அந்தக் குடும்பம்தான். வெள்ளரியின் செல்லில் 14 குரோமோசோம், கணிவெள்ளரியில் 24. தேனீ ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் கொண்டுபோய் வைக்கலாம், ஆனால் கரு ஒட்டாது.

சரி, ஒட்டும் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த வருஷக் காயின் சதை மாறாது. நாம் தின்னும் சதையும் தோலும் தாய்க் கொடியின் உடம்பு. மகரந்தம் கொடுத்த அப்பனின் குணம் உள்ளே இருக்கும் விதையில்தான் ஏறும். அந்த விதையை அடுத்த வருஷம் ஊன்றினால்தான் வித்தியாசம் தெரியும்.

இதையெல்லாம் அத்தையிடம் ஏப்ரல் 6 காலையில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. வாயில் கசக்கிற காயை வைத்துக்கொண்டிருப்பவரிடம் குரோமோசோம் கணக்குச் சொன்னால் எடுபடாது. கண்ணால் பார்க்க, நாக்கால் அறிய ஏதாவது வேண்டும்.

வேலியோரத்து நாலு காய்

கீழே இறங்கி அந்த இரண்டு செடியிடம் போனேன். சேச்சியின் கணிவெள்ளரி வேலியில் ஏறி, ஒரு கிளை எங்கள் பக்கமே சாய்ந்து கிடந்தது. அத்தையின் வெள்ளரிக்கும் அதற்கும் நாலடிகூட இருக்காது. இலையை விலக்கிப் பார்த்தால் உள்ளே நாலு காய், ஒன்று சற்று முற்றியே போயிருந்தது. மாடிக் காய் கசந்ததும் இதையும் அத்தை சீந்தவில்லை.

மாடியிலிருந்து நாலு காய், கீழிருந்து நாலு காய். தனித்தனித் தட்டு. ஒவ்வொரு காயையும் காம்புப் பக்கம், நடு, பூப் பக்கம் என்று மூன்றாக வெட்டி, தோலோடு ஒரு துண்டு, தோல் சீவி ஒரு துண்டு. நான், அத்தை, மாமா மூவரும் நுனிநாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினோம். இடையிடையே வாய் கொப்பளித்தோம்.

மாடிக் காய் நாலும் கசந்தன. காம்புப் பக்கம் கடுமை, தோலுக்கு அடியில் கடுமை, பூ முனைக்கு வர வரக் குறைவு. வேலியோரத்துக் காய் நாலில் ஒன்றுகூடக் கசக்கவில்லை. முற்றிய காயிலும் விதைதான் தடித்திருந்தது, கசப்பில்லை.

அத்தை கீழ்த் தட்டுத் துண்டை மறுபடி எடுத்துக் கடித்தார். வேலியைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

ஒரே பாக்கெட் விதை, ஒரே நாள் ஊன்றியது. ஆகவே விதைமேல் பழி போட முடியாது. கணிவெள்ளரிக்கு நாலடி தள்ளி இருந்தது கசக்கவில்லை, நாற்பதடி தள்ளி மாடியில் இருந்தது கசந்தது. ஆகவே சேச்சிமேலும் பழி போட முடியாது. மிச்சம் இருப்பது இடம், மண், தண்ணீர்.

அன்றைக்கே வெட்டிய மாடிக் காயில் சர்க்கரை போட்டுப் பச்சடி செய்துவிடலாமா என்று அத்தை கேட்டார். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இதை வாசிப்பவர்களுக்கும் அதே கண்டிப்போடு சொல்கிறேன். வெள்ளரி, சுரை, பீர்க்கு குடும்பத்தில் கசப்பு என்பது குக்குர்பிட்டசின் என்ற பொருள். கொஞ்சம் என்றால் வாய் கசப்போடு போகும், கடும் கசப்பு என்றால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர்போன சம்பவங்கள் வட இந்தியாவில் நடந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு வைத்து ஆராய்ந்தது. கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்பதுதான் அவர்கள் சொன்ன முக்கியமான அறிவுரை. காய் வீணாகிறதே என்று பார்க்கக்கூடாது.

செம்புத் தண்ணி

அன்று சாயங்காலம் அத்தையிடம், "தினமும் எப்படித் தண்ணி ஊத்துவீங்களோ அப்படியே ஊத்துங்க, நான் பாக்கறேன்" என்றேன்.

ஒரு செம்பு, சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். முதல் பையில் ஒரே மூச்சாகக் கவிழ்த்தார். ஐந்தாறு வினாடிதான். அடித்துளையிலிருந்து சளசளவென்று தண்ணீர் ஓடி மாடித் தளத்தில் பரவியது.

"பார்த்தியா, நெறஞ்சு வழியுது. இதுக்கு மேல ஊத்தினா வேர் அழுகாதா?"

நான் பையின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக வெளியே இழுத்தேன். பைக்கும் கலவைக்கும் நடுவில் சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி, சுற்றிலும். காய்ந்த நார்த்தூள் கலவை சுருங்கி, பையை விட்டு விலகி, ஒரு அச்சுவெல்லம் மாதிரி நடுவில் தனியாக நின்றது. ஊற்றிய தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்கி அடியில் ஓடிவிட்டது. மேலே அரை அங்குலம் மட்டும் ஈரம். அதைக் கிளறிவிட்டு ஆட்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் விட்டேன். உள்ளே பொடி. விரலை எடுத்து அத்தையிடம் காட்டினேன். ஒரு துளி சேறு ஒட்டவில்லை.

எட்டுப் பையிலும் இப்படியே. இரண்டு பையின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, போர்த்தண்ணி காய்ந்து காய்ந்து படிந்தது.

தண்ணீர் வழிவதைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று நினைத்தது அத்தையின் தவறென்று நான் சொல்ல மாட்டேன். தொட்டிச் செடிக்கு அடியில் வழிந்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். காய்ந்து சுருங்கிய கலவைக்கு அந்த அடையாளம் பொய் சொல்லும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

மார்ச் 27-லிருந்து 30 வரை பொள்ளாச்சியில் ஒரு விசேஷத்துக்கு அத்தை போயிருந்தார் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. மாமாதான் தண்ணீர் ஊற்றினார், ஒரு நாள் மறந்தும் போனார். கலவை முதன்முதலில் காய்ந்து சுருங்கியது அப்போதாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அத்தை திரும்பி வந்து தினமும் தவறாமல் ஊற்றியும் உள்ளே போய்ச் சேரவில்லை. கொடி நிறைய இலை விட்டு, காய் பிடிக்கிற நேரம் அது. வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். அதற்கு வேண்டிய தண்ணீர் வேருக்குக் கிடைக்காமல், மேலே கணவாய்க் காற்று இலையை உறிஞ்ச, கீழே கான்கிரீட் தளம் பையைச் சுட, செடி பகல் பதினொரு மணிக்கே துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்திருக்கிறது. "வெயிலுக்கு வாடுது" என்று வீட்டில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாகத்துக்கும் கசப்புக்கும் என்ன உறவு? வெள்ளரியின் காட்டு மூதாதை இமயமலை அடிவாரத்தில் இன்னும் இருக்கிறது. கையளவுகூட இல்லாத, கடும் கசப்புக் காய். ஆடு மாடும் பூச்சியும் கடிக்காமல் இருக்க அது வைத்துக்கொண்ட காவல் அந்தக் கசப்பு. மனிதன் பல நூறு தலைமுறை கசக்காத காயாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்ததில் காயில் கசப்பு அடங்கியது, இலையில் இன்னும் இருக்கிறது. 2014-ல் சயின்ஸ் இதழில் வந்த ஒரு ஆராய்ச்சி இதை மரபணு அளவில் பிரித்துக் காட்டியது. இலைக் கசப்பை முடுக்கிவிட ஒரு விசை, காய்க் கசப்பை முடுக்கிவிட வேறொரு விசை. வீட்டு வெள்ளரியில் காய்க்கான விசை அமுங்கிக் கிடக்கிறதே தவிர, தொலைந்துவிடவில்லை. தண்ணீர்த் தட்டுப்பாடு, தாங்க முடியாத சூடு, குளிர் என்று செடி நெருக்கடியில் சிக்கினால் அது மறுபடி தலைதூக்கும். மாடியில் நடந்தது அதுதான்.

வேலியோரத்துச் செடிகள் பிழைத்ததற்குக் காரணம் துவைக்கிற கல். தினமும் துணி அலசிய தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். மண் இந்தப் பகுதிக்கே உரிய கரிசல். நனைந்தால் லேசில் விடாது. கேரளத்தில் கரிசல் பார்ப்பது அபூர்வம், இருக்கிற கொஞ்சமும் பெரும்பாலும் சித்தூர்ப் பக்கம்தான். போதாததற்கு யாரோ பழைய தேங்காய் மட்டைகளை அங்கே போட்டிருந்தார்கள், அது மூடாக்காகிவிட்டது.

சிவப்பு நூல்

ஏப்ரல் 7 ஞாயிறு. மாமாவும் நானும் வேலையை ஆரம்பித்தோம்.

முதலில் விரலால் கலவையைக் கிளறி, பக்கத்து இடைவெளியை மக்கிய உரம் போட்டு அடைத்தோம். பிறகு தண்ணீர். அரைச் செம்பு ஊற்றி, அடுத்த பைக்குப் போய், எட்டும் முடிந்து திரும்பி வந்து மறுபடி அரைச் செம்பு. அப்படி எட்டுச் சுற்று. அதாவது ஒரு பைக்கு நாலு லிட்டர் உள்ளே போன பிறகுதான் அடியில் மெதுவாகச் சொட்டியது. உப்புப் பூத்த இரண்டு பைக்கும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை இன்னும் கொஞ்சம் விட்டுக் கழுவினோம். மறுநாள் சாயங்காலம் அளந்து ஊற்றினால், சொட்டுவதற்குள் ஏறக்குறைய மூன்று லிட்டர் குடித்தது. இத்தனை நாள் இந்தச் செடி ஒரு செம்பில், அதிலும் பாதி தளத்தில் ஓட, காலம் தள்ளியிருக்கிறது. அதைக் கேட்டதும் அத்தை முகம் வாடிவிட்டது. "பாவம், வாயில்லாத ஜீவன்" என்றார்.

பைகளைத் தளத்திலிருந்து எடுத்துச் செங்கல்மேல் வைத்தோம். மேலே தென்னஞ்சருகு இரண்டு அங்குலம். மேற்குப் பக்கம் பழைய நிழல்வலை ஒரு துண்டு. காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மாலை ஐந்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் இரண்டு தவணையாகத் தண்ணீர். வேறொன்றும் மாற்றவில்லை. உரத்தையும் மருந்தையும் அப்போது தொட்டால் எதனால் குணமானது என்று தெரியாமல் போய்விடும்.

எது பலன் தந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெள்ளரிப் பூ விரிந்து காய் பறிக்கிற பருவம் வரப் பத்து நாள் ஆகும். ஆகவே ஏப்ரல் 7-க்கு முன்பே பிஞ்சாக இருந்தவை தாகத்தில் பிறந்தவை, அதற்குப் பிறகு பூத்தவை தண்ணீர் கண்டவை. இரண்டும் ஒரே கொடியில் கலந்து தொங்கும். அத்தை தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் கொண்டுவந்தார். 8-ம் தேதியிலிருந்து தினமும் காலையில் புதிதாக விரிந்த பெண் பூவின் காம்பில் ஒரு முடிச்சு. கூடவே ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுவார். மாடிக்குத் தேனீ குறைவாக வந்ததால் பல காய் ஒரு பக்கம் சூம்பிப்போய் வளைந்திருந்தது. எட்டு மணிக்குள் செய்த இந்தத் தடவலில் அதுவும் சரியானது.

நூல் இல்லாத காய்கள் 13-ம் தேதி வரை கசந்துகொண்டே இருந்தன, முன்பைவிடச் சற்றுக் குறைவாக. எல்லாவற்றையும் பறித்து உரக்குழியில் போட்டோம். 17-ம் தேதிதான் முதன்முதலாகச் சிவப்பு நூல் காய்கள் மூன்று பறித்தோம். காம்புப் பக்கம் அரை அங்குலம் மட்டும் லேசான கசப்பு, மற்றதெல்லாம் சுத்தம். 21-ம் தேதி பறித்த ஐந்தில் கசப்பே இல்லை. அன்று மாமா ஒரு முழுக் காயைத் தோலோடு, நறுக்காமல், நின்றபடியே கடித்துத் தின்றார். நோட்டில் அதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

இடையில் ஒரு சின்னப் பரிசோதனையும் செய்தோம். காம்பு முனையை வெட்டி, வெட்டிய துண்டாலேயே தேய்த்து வெள்ளை நுரை வரவைப்பது எல்லார் வீட்டுப் பழக்கம். என் அம்மாவும் அப்படித்தான் செய்வார். கசப்புக் காய் நாலில் இரண்டைத் தேய்த்தும் இரண்டை வெறுமனே வெட்டியும் பார்த்தோம். எங்கள் மூன்று நாக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கசப்பு அதிகம் தங்குகிற காம்பு முனை போய்விடுகிறது, பலன் அதனால்தான் என்று நினைக்கிறேன். சீவும்போது பூ முனையிலிருந்து காம்பை நோக்கிச் சீவி, காம்புப் பக்கம் ஒரு அங்குலத்தைத் தள்ளிவிடுவது நல்லது.

எட்டாவது பை

ஏழு பை திருந்தியது, எட்டாவது திருந்தவில்லை. சிவப்பு நூல் காயும் கசந்தது, அதே கடுமையோடு, பூ முனை வரைக்கும். தண்ணீர், நிழல், பை எல்லாம் மற்றவற்றுக்கு இருந்ததேதான். இது அத்தை எடுத்து வைத்த விதை. போன வருஷம் போட்டது கலப்பின ரகம் என்று பழைய பாக்கெட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். கலப்பின விதையின் பிள்ளைகள் தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பாட்டன் பாட்டி குணமெல்லாம் பிரிந்து பிரிந்து வரும். அதை ஏப்ரல் 22-ல் பிடுங்கினோம். ஒரே மாடியில் ஒரே கசப்பு, ஆனால் இரண்டு காரணம். எல்லாப் பையையும் ஒன்றாகவே பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

வெள்ளரி ஆராய்ச்சியாளர்கள் கசப்பில்லாத ரகத்தைத் தேட, முளைத்த நாற்றில் முதலில் விரியும் வித்திலையைக் கிள்ளிச் சுவைத்துப் பார்ப்பார்கள். வித்திலையே கசக்காத செடியில் காயும் கசக்காது. ஆனால் வித்திலை கசந்தால் காயும் கசக்கும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கடையில் விற்கும் நல்ல ரகங்கள் பலவற்றின் இலை கசக்கத்தான் செய்யும்.

மாங்காய் ஈயும் வெள்ளரி ஈயும்

ஏப்ரல் மூன்றாம் வாரம் இன்னொரு தொல்லை. பிஞ்சின் மேல் ஊசி குத்தியது போல் புள்ளி, அதிலிருந்து பிசின் மாதிரி சொட்டு, இரண்டு நாளில் பிஞ்சு மஞ்சளாகி, பிளந்தால் புழு. பழ ஈ. மாமா உடனே முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பரிடமிருந்து இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி வாங்கி வந்து மாட்டினார். பொறி நிறைய ஈ விழுந்தது. பிஞ்சு அழுகுவது மட்டும் நிற்கவில்லை. "இத்தனை செத்தும் எங்கிருந்து வருது?" என்று மாமா நொந்துபோனார்.

விழுந்தது மாங்காய் ஈ. அதன் ஆண்களை இழுப்பது மெத்தில் யூஜினால். வெள்ளரியையும் பாகலையும் பீர்க்கையும் குத்துவது வேறு ஈ, அதன் ஆண்கள் மெத்தில் யூஜினாலுக்கு வராது, கியூலூர் என்கிற கவர்ச்சிப் பொருளுக்குத்தான் வரும். கடையில் பொறி கேட்கும்போது எந்தப் பயிருக்கு என்று சொல்லி வாங்க வேண்டும். மாற்றி மாட்டினோம், சேச்சி வீட்டுப் பக்கமும் ஒன்று, ஏனென்றால் கணிவெள்ளரியையும் அது விடாது. குத்து வாங்கிய பிஞ்சுகளை உரக்குழியில் போடாமல் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைத்தோம். பூ வாடியதும் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டினார் அத்தை. பொறியைவிட இந்தப் பைதான் அதிகம் காப்பாற்றியது என்பது என் கணிப்பு.

வெப்ப அலை

ஏப்ரல் கடைசி வாரம் பாலக்காட்டுக்கு வானிலைத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விட்டது. 41 டிகிரியைத் தாண்டியது. 26-ம் தேதி கேரளத்தில் வாக்குப்பதிவு, வரிசையில் நின்று திரும்பியவர்கள் எல்லாம் துவண்டுபோனார்கள். கொடியும்தான். தண்ணீர் குறையாமல் இருந்தும் மேற்கு மூலை இரண்டு பையின் காயில் காம்புப் பக்கம் கசப்பு எட்டிப் பார்த்தது. அந்த இரண்டையும் மாடிப்படிக் கட்டின் நிழலுக்கு நகர்த்தி, மதியம் ஒரு தவணை தண்ணீர் கூட்டினோம். குறைந்தது, முழுவதும் போகவில்லை. அந்த வெயிலில் ஏழு பையையும் மாடியில் வைத்திருந்தது அதிகம் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் பக்கம் மாடியில் வெள்ளரி போடுவதென்றால் பங்குனிக்குள் பறித்து முடிக்கிற மாதிரி, மார்கழிக் கடைசியிலேயே விதைத்துவிட வேண்டும். வேலியோரத்து இரண்டு செடியும் மே 19 வரை காய்த்தன.

விஷுவுக்கு முந்தின நாள், ஏப்ரல் 13 சாயங்காலம், அத்தை வேலியோரத்து வெள்ளரி ஆறு பறித்து ஒரு முறத்தில் வைத்து சேச்சி வீட்டுக்குப் போனார். போனில் என்னிடம் சொன்னதை அவரிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது முறத்தில் கணிவெள்ளரி இரண்டு இருந்தது. ஒன்று சித்திரைக் கனித் தட்டுக்கு. இன்னொன்றை, சேச்சி காட்டிக் கொடுத்தபடி, வாழைநாரில் கட்டி அடுப்படி உத்தரத்தில் தொங்கவிட்டார். ஆடியில் அதை வெட்டி மோர்க்குழம்பு வைத்தபோதும் கெடாமல்தான் இருந்தது. விதையைக் கழுவி, சாம்பலில் புரட்டிக் காயவைத்து எடுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தில் முலாம்பழமோ வெள்ளரிப்பழமோ யாரும் போடவில்லையா என்று மட்டும் சேச்சியிடம் விசாரித்துக்கொண்டேன், அவை இருந்தால்தான் கணிவெள்ளரி விதையில் கலப்பு வரும். இல்லை என்றார்.

தை கடைசியில் அத்தை அதை ஊன்றினார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், புது வெள்ளரி நாற்றுக்கு மூன்றடி தள்ளி.